சாமியாருக்கு ஆப்பரேஷன் ஆன சீட்டு

அன்புள்ள மச்சானுக்கு,

நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எங்கள் சௌக்கியத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தாலும் முழுசாகப் படி. உன் அக்கா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, மகள் என்னோடு பேசவில்லை, எனக்குத் தலை கிறுகிறுக்கிறது. இந்த வீட்டில் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குவது நீ கொடுத்துவிட்டுப் போன நாய் ஒன்றுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்குப் பேசியிருக்கும் பையனின் அப்பா குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை வந்து கல்யாணத் தேதி குறிப்பதாக இருந்தது. சனிக்கிழமை போன் பண்ணி, தன் பெண் நாய் பருவத்தில் இருக்கிறது, தனியாக விட்டால் ஊளையிட்டுத் தெருவையே கூட்டிவிடும், இன்னொரு நாள் பார்க்கலாமா என்று இழுத்தார். இளவரசி என்று அதற்குப் பெயர். பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் பதிவுச் சீட்டு உள்ள ஜாதி நாய். அதற்கு ஏற்ற ஜோடி தேடுவதுதான் மூன்று வருஷமாக அவருக்கு முழுநேர வேலை என்று பையன் ஏற்கனவே சொல்லியிருந்தான். தேதி தள்ளிப்போகிறதே என்ற பதற்றத்தில் நான், "தாராளமா கூட்டிட்டு வாங்க சம்பந்தி. எங்க நாய்க்கு ஆப்பரேஷன் ஆயிடுச்சு. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? நீ சொன்னதை நம்பித்தானே. ஆப்பரேஷன் ஆன அன்றைக்கே அதற்குச் சாமியார் என்று பெயர் மாற்றியவன் நீதானே மச்சான்.

வந்தார்கள். மகள் காபி கொண்டு வந்தாள். பையன் அவளைப் பார்த்துச் சிரித்தான். சம்பந்தி நாட்காட்டியைக் கையில் எடுத்தார். அப்போது பால்கனியில் சுருண்டு கிடந்த சாமியார் எழுந்து சோம்பல் முறித்துவிட்டு உள்ளே வந்தது. இதுவரைக்கும் அது சோபாத் தலையணையை என்ன பாடு படுத்தினாலும், காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் காலைக் கட்டிப்பிடித்து மானத்தை வாங்கினாலும், ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தோம். நான் தட்டை நகர்த்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் இளவரசியோடு எல்லாம் நடந்து முடிந்து, முடிந்தாலாவது பரவாயில்லை, முடியாமல், இரண்டும் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, இது சமையலறையைப் பார்த்தும் அது வாசலைப் பார்த்தும் கூடத்தின் நட்டநடுவில் நிற்கின்றன. உன் அக்கா தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள். சம்பந்தி, "ஊத்தாதீங்க, இழுக்காதீங்க, காயமாயிடும்" என்று தடுத்துவிட்டார். அப்புறம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சம்பந்தியம்மா மின்விசிறியைப் பார்த்து, நல்ல காற்று வருகிறது என்றார்கள், அது ஓடவே இல்லை. நான் முப்பத்தொரு வருஷம் கடை கடையாக ஏறித் தராசு சோதித்தவன் இல்லையா, பழக்க தோஷம், கை தானாகக் கடிகாரத்துக்குப் போய்விட்டது. கடைசியில் விலகியபோது, "பதினெட்டு நிமிஷம்" என்று வாய்விட்டே சொல்லித் தொலைத்தேன். மகள் எழுந்து உள்ளே போனவள்தான்.

சம்பந்தி இளவரசியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டார். வாசலில் நின்று, குரல் தழுதழுக்க, "ஆப்பரேஷன் ஆனதுன்னு சொன்னீங்களே சம்பந்தி" என்றார். அவ்வளவுதான். தேதி குறிக்கவில்லை. மூன்று நாளாக அவர் போன் அணைந்தே கிடக்கிறது. நாய் விஷயத்திலேயே பொய் சொல்கிறவன் பெண் விஷயத்தில் எத்தனை மறைத்திருப்பான் என்று அவர் நினைக்க மாட்டாரா? எடையில் ஒரு கிராம் குறைத்துச் சொன்னவனை நான் விட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது என் வார்த்தையை நம்பி யார் பெண் எடுப்பார்கள்?

கால்நடை மருத்துவரிடம் சாமியாரை இழுத்துக்கொண்டு போனேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, ஆப்பரேஷன் நிஜம்தான் என்றார். பின்னே இது எப்படி என்று கேட்டேன். "ஆசை மூளையிலயும் இருக்கு சார். அதை நாங்க எடுக்கிறதில்ல" என்றார். ஆப்பரேஷன் ஆன நாயும் ஏறுமாம், சிலது ஒட்டிக்கொள்ளவும் செய்யுமாம், ஆனால் குட்டி பிறக்காதாம். ஆப்பரேஷன் ஆன புதிதில் சில வாரம்தான் பயமாம், வருஷக்கணக்கு ஆகிவிட்டால் கவலையே வேண்டாமாம். ஆகவே மச்சான், உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆப்பரேஷன் செய்த ஆஸ்பத்திரிச் சீட்டு, தேதியும் முத்திரையும் தெளிவாகத் தெரிகிற அந்த அசல் சீட்டைத் தேடி எடுத்து உடனே அனுப்பு. அதைச் சம்பந்தி கையில் கொடுத்து, நான் பொய்யன் இல்லை என்று நிரூபித்தால்தான் இந்தக் கல்யாணம் நடக்கும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கும் ஆசிதான், சீட்டு வந்து சேர்ந்த பிறகு.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய பாவி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் அழைப்பு மணி அடித்தது. சம்பந்தி, கையில் நாய் பிஸ்கட் பெட்டியோடு. இளவரசியின் ஓய்வு கெடக்கூடாது என்று போனை அணைத்து வைத்திருந்தாராம். "நாலு மாப்பிள்ளை பார்த்தோம் சம்பந்தி, நாலையும் கடிச்சுத் துரத்திட்டா. உங்க பிள்ளையைத்தான் ஏத்துக்கிட்டா. நீங்க மட்டும் அன்னைக்கு அந்தப் பொய்யைச் சொல்லலைன்னா நான் அவளைக் கூட்டிட்டே வந்திருக்க மாட்டேன்" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்று வாசலில் குரல் தழுதழுத்தது சந்தோஷமாம். நான் சொன்னது பொய்யில்லை என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கதவோரம் நின்ற மகள் மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். முழுங்கிவிட்டேன். தேதி குறித்தாயிற்று. சாமியாரின் தாய் தகப்பன் விவரம் கேட்க அவர் உனக்குப் போன் பண்ணுவார், ஆப்பரேஷன் என்ற பேச்சையே எடுக்காதே. சீட்டைக் கிழித்துப் போடு. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ணினால் கல்யாணம் ஐம்பத்திரண்டாம் நாள், குட்டிக்கு அவர் போட்டிருக்கும் கணக்கு அறுபத்துமூன்றாம் நாள். நடுவில் பதினொரு நாள் இருக்கிறது, அதற்குள் உன் மாடி அறையைக் காலி பண்ணி வை. நானும் சாமியாரும் வருகிறோம்.