சங்கத்தின் ஒரே நல்ல பெட்டி

மனித குலம் இதுவரை செய்த கருவிகளிலேயே மேலானது, இன்னொரு கருவி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் கருவிதான். இந்தப் பேருண்மையைப் பழைய கம்ப்யூட்டர் ஆர்வலர் சங்கத்தின் சோதனைக் குழுப் பொறுப்பாளர், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்தபடி சொன்னார். கீழே உருண்டுபோன திருகாணி ஒன்றை அவர் தேடிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். தட்டு வைக்க இடம் வேணும்," என்றாள் மனைவி.

சோதனைக் குழுவில் அவரைத் தவிர வேறு யாரும் கிடையாது. சங்கத்திலேயே மொத்தம் ஏழு பேர்தான். ஆளுக்கொரு பெட்டி வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் முழுவதும் விசைப்பலகைக்கு உள்ளேயே அடங்கியிருக்க, டிவியோடு இணைத்துப் பந்து விளையாடுவார்களே, அந்தக் காலத்துப் பெட்டி. அவற்றில் ஆறு செத்துப்போனவை. எது எதனால் செத்தது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனைக் கருவி வாங்குவதென்று சங்கம் தீர்மானித்தது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இவருக்கு வந்தது. கருவிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஒருமுறை கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசியவர் இவர். அன்றிலிருந்து எல்லோரும் இவரை நிபுணர் என்றே கூப்பிட்டார்கள். எத்தனை பெட்டிகளைப் பிழைக்க வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் வலியப் போய் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை.

நிபுணரிடம் ஒரு கொள்கை இருந்தது. செத்த பெட்டியில் கருவியைச் சோதித்தால், கெட்டுப்போனது பெட்டியா கருவியா என்று தெரியாது. ஆகவே நல்ல பெட்டியில்தான் சோதிக்க வேண்டும். நல்ல பெட்டி என்று சங்கத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அது தலைவருடையது. ஆண்டுக் கூட்டத்தன்று தலைவர் வீட்டு டிவியில் அது ஓடும். உறுப்பினர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். தொட்டுப் பார்க்க அனுமதி இல்லை.

தலைவர், நிபுணரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

"வேணாமே மாப்ளே," என்று தலைவர் நெளிந்தார். "வயசான பெட்டி. ஆன் பண்ணாமலே சோதிக்க முடியாதா?"

"அண்ணா, அவருக்குத் தெரியாததா? குடுங்க," என்று தங்கை சொல்லிவிட்டாள். தலைவர் பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி, குழந்தையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விடுகிறவரின் முகத்தோடு கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி எச்சரித்தாள். "எங்க அண்ணன் பேனா இரவல் குடுத்தாக்கூட மூடியைக் கையில வச்சுக்கிட்டுத்தான் குடுப்பாரு. இதுக்கு ஏதாவது ஆச்சு, அப்புறம் நான் எங்க வீட்டுப் பக்கம் தலை காட்ட முடியாது. உங்களுக்குத் தலையே இருக்காது."

முதல் கருவி, ஒரு சோதனை அட்டை. பெட்டியின் பின்பக்கம் செருகினால், எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்று டிவியில் எழுதிக் காட்டும். நிபுணர் செருகினார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிவி கறுப்பாகவே இருந்தது.

"மட்டமான அட்டை," என்றார் திருப்தியோடு. நிராகரிப்பதில்தான் நிபுணத்துவம் பளிச்சென்று தெரியும்.

அட்டையைக் கழற்றிவிட்டு வெறும் பெட்டியை ஆன் செய்தார். கறுப்பு. வயரை மாற்றினார். படுக்கையறை டிவியைத் தூக்கிவந்து மாட்டினார். அதுவும் கறுப்பு.

நிபுணர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நல்லாயிருந்த பெட்டி. அட்டையைச் செருகினோம். இப்போது ஓடவில்லை. இதற்கு நிபுணர் எதற்கு, யாருக்கும் புரியும். அட்டை பெட்டியைக் கொன்றுவிட்டது.

சொல்லிவைத்தாற்போல் போன் அடித்தது. தலைவர்.

"மாப்ளே, ஆன் பண்ணிட்டீங்களா?"

"பண்ணேன் மச்சான்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் நின்றது. "அப்புறம்?"

"ஓடுது மச்சான். அருமையா ஓடுது."

"ஓடுதா?"

"ஏன் மச்சான், ஓடாதா?"

"ஓடும், ஓடும். ஏன் ஓடாது? சரி, திரையில என்ன தெரியுது?"

"எல்லாம் தெரியுது. கோடு, பந்து, எல்லாம்."

"பந்துகூடத் தெரியுதா," என்று முணுமுணுத்துவிட்டுத் தலைவர் போனை வைத்தார்.

நிபுணர் உதிரிபாகக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் பேனா மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். சிப்பின் காலில் அதன் முனையை வைத்தால், உள்ளே துடிப்பு இருந்தால் விளக்கு மினுக்கும். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் மினுக்கவில்லை. மறுபடி கடைக்கு.

"பேனா கெட்டுப்போச்சுங்க."

கடைக்காரர் தன் மேசையில் இருந்த எதையோ தொட்டுக் காட்டினார். பேனா மினுக்கோ மினுக்கு என்று மினுக்கியது. "பேனா நல்லாத்தான் இருக்கு சார். உங்க பெட்டிதான் செத்திருக்கு."

"அது யார் பெட்டி தெரியுமா? எங்க சங்கத் தலைவரோடது!"

"அப்படியா? அப்ப இதைவிடப் பெரிய கருவி எடுத்துக்குங்க," என்றார் கடைக்காரர், வியாபாரம் தெரிந்தவர்.

பெரிய கருவியில் சின்னத் திரை ஒன்று இருந்தது. துடிப்பு இருந்தால் அதில் அலை எழும். நிபுணர் இரண்டு நாள் சாப்பாட்டு மேசையைவிட்டு எழவில்லை. குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது. திரையில் நேர்கோடு ஒன்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது.

மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஆஸ்பத்திரியில இப்படி நேர்கோடு வந்தா வெளியே வந்து என்ன சொல்லுவாங்க?"

"கருவியைச் சரியா மாட்டலைன்னு சொல்லுவாங்க."

"எங்க அண்ணன் பெட்டியை என்ன பண்ணீங்க?"

"நல்லாத்தான் இருக்கு. சோதனை நடக்குது. நீ போ."

கடைசியாக வந்தது சிப்புகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் கருவி. அதற்குச் சிப்பைப் பெட்டியிலிருந்து பிடுங்க வேண்டும். பிடுங்குவதற்கென்றே ஒரு குறடு உண்டு என்று நிபுணர் தன் முக்கால் மணி நேரப் பேச்சில் வற்புறுத்தியிருந்தார். அவரிடம் அது இல்லை. ஸ்பூன் காம்பால் நெம்பினார். முதல் சிப் வந்தது. கெட்டது என்றது கருவி. இரண்டாவதும் கெட்டது. மூன்றாவதன் கால் வளைந்துவிட்டது. நிமிர்த்தியதில் ஒடிந்தது, ஆகவே அதைக் கருவியிடம் கேட்கவேண்டிய தேவை எழவில்லை. நல்லது ஒன்றாவது கிடைக்காதா என்ற நப்பாசையில் எல்லாவற்றையும் நெம்பினார். மல்லாந்து கிடக்கும் கரப்பான்களைப்போல் மேசை முழுக்கச் சிப்புகள் கிடந்தன.

அழைப்பு மணி அடித்தது.

"அண்ணா வாங்க!" என்று மனைவியின் குரல் வாசலில் கேட்டது. "ஆண்டுக் கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கே?"

"பெட்டியையும் மாப்ளையையும் கையோட கூட்டிட்டுப் போகலாம்னுதான்."

நிபுணர் சிப்புகளை அள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டார். மூடியை வைத்துத் திருகினார். தலைவர் உள்ளே வந்தபோது பெட்டிக்குள் காற்றும் சில காலித் துளைகளும் மட்டுமே இருந்தன.

தலைவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "என்ன மாப்ளே, கனமே இல்லாத மாதிரி இருக்கு?"

"தூசி தட்டினேன் மச்சான்."

காரில் இருவருக்குமே வேர்த்தது. பாதி வழியில், "மச்சான், ஒரு விஷயம்," என்று நிபுணர் ஆரம்பித்தார். அதே நொடியில், "மாப்ளே, ஒரு விஷயம்," என்று தலைவரும் ஆரம்பித்தார்.

"நீங்க சொல்லுங்க மச்சான்."

"இல்ல, நீங்க சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல."

"எனக்கும் ஒண்ணுமில்ல."

தலைவர் வீட்டுக் கூடத்தில் உறுப்பினர்கள் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். தலைவர் பெட்டியை மேசைமேல் வைத்து, வயரை டிவிக்குப் பின்னால் தானே கொண்டுபோய் இணைத்தார். பிறகு, பழைய பொருள்களைப் பேணுவது ஒரு தவம் என்று கொஞ்ச நேரம் பேசினார். நிபுணர் கடைசி நாற்காலியில் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசை தட்டப்படும், திரை கறுப்பாக இருக்கும், மூடி திறக்கப்படும், அத்தோடு மாமனார் வீட்டு உறவு முடிந்தது.

தலைவர் ஒரு கையால் விசையைத் தட்டினார். இன்னொரு கை, பெரிய மனிதர்களுக்கே உரிய முறையில், முதுகுக்குப் பின்னால் இருந்தது.

டிவியில் நீலம் பரவியது. எழுத்துகள் வந்தன. பந்து துள்ளியது.

நிபுணர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சிப்புகள் அங்கேதான் இருந்தன. ஒன்று குத்தியது.

ஒவ்வோர் ஆண்டும் போலவே பந்து மூன்று முறை தப்பித்து, நாலாவது முறை கோட்டைத் தாண்டியது. ஒவ்வோர் ஆண்டும் போலவே உறுப்பினர்கள் "அடடா" என்றார்கள்.

"இப்ப நம்ம நிபுணர், எந்தக் கருவியை வாங்கலாம்னு சொல்லுவார்," என்று தலைவர் அவசரமாக டிவியை அணைத்தார்.

நிபுணர் எழுந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாலே அவருக்குப் பேச்சு தானாக வந்துவிடும்.

"நாலு கருவிகளைச் சோதிச்சேன். நாலும் இந்தப் பெட்டியைச் செத்துப்போச்சுன்னு சொல்லுது. இப்ப அது ஓடினதை நீங்களே பாத்தீங்க. ஆக, நாலும் குப்பை!"

கைதட்டல் எழுந்தது. நான்கு கருவிகளையும் கண்டித்துத் தீர்மானம் நிறைவேறியது. ஏமாறாமல் சங்கத்தைக் காப்பாற்றியதற்காக நிபுணரைத் துணைத் தலைவராக்கினார்கள். முன்மொழிந்தவர் தலைவரேதான். அவர் நிபுணரைக் கட்டிக்கொண்டபோது பையிலிருந்த சிப்புகள் இருவர் நெஞ்சிலும் குத்தின.

கூட்டம் டீக்காகக் கலைந்தது. தலைவரின் மனைவி தட்டோடு வந்தார்.

"என்ன தம்பி, இப்படி வேர்த்து ஊத்துது?"

அந்த வீட்டில் நிபுணரை ஒருநாளும் திட்டாதவர் அவர் ஒருவர்தான். நிபுணர் உடைந்துபோனார். பையை விரித்துக் காட்டினார்.

"அக்கா, மச்சான்கிட்ட சொல்லிடாதீங்க. அந்தப் பெட்டிக்குள்ள ஒண்ணுமே இல்ல. எல்லாம் இங்க இருக்கு. எப்படி ஓடிச்சுன்னே தெரியல."

அவர் சிப்புகளைப் பார்த்தார். டீயை நிபுணரின் கையில் கொடுத்தார்.

"அது செத்து ஆறு வருஷமாச்சு தம்பி. டிவியில ஓடுறது பென்டிரைவ்ல இருக்கிற வீடியோ."