ஊக்கு ஒட்டாத காந்தம்

ஊக்கு ஒட்டவில்லை.

மனைவி கிருஷ்ணவேணியின் முந்தானையிலிருந்து பிடுங்கிய ஊக்கைத் தன் வயிற்றில் கட்டியிருந்த காந்தப் பட்டையின் மேல் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார் ஆதிகேசவன். ஒவ்வொரு முறையும் அது வழுக்கிக்கொண்டு படுக்கையில் விழுந்தது. அதுவரை சும்மா கிடந்த தையல் சுருக்கென்று வலித்தது.

"போலி! எனக்கே போலி!"

ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு காந்தம் கட்டினால் வலி குறைகிறதா என்று அந்த ஆஸ்பத்திரியில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு அசல் பட்டை, பாதிப் பேருக்கு டூப்பு. யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத்தான் ஆதிகேசவன் சேர்ந்தார். டூப்பு என்பது அடுத்தவனுக்குக் கிடைக்கிற சங்கதி என்று அவருக்கு நினைப்பு.

நினைப்புக்குக் காரணம் இருந்தது. காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையில் சரிகை சோதிக்கிறவர் அவர். நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டி, உதட்டைப் பிதுக்கினால் சேலை வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்.

"என் வயித்துலயே டூப்ப கட்டினாங்கன்னு வெளிய தெரிஞ்சா, எந்த நெசவுக்காரன் நாளைக்கு என் பேச்ச மதிப்பான்?"

"காலைல வலியே இல்லன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே," என்றாள் கிருஷ்ணவேணி.

"அப்ப தெரியாது. இப்பத்தான் தெரிஞ்சிடுச்சே!"

நர்ஸ் கிரேஸைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்.

"எது யாருக்குன்னு எனக்கே தெரியாது சார். டாக்டருக்கும் தெரியாது."

"தெரியாமத்தான் வைத்தியம் பண்றீங்களா? அடுக்குமா இது?"

பக்கத்துக் கட்டிலில் ஆட்டோ ஓட்டும் யேசுதாஸ். அதே ஆபரேஷன், அதே பட்டை. ஆனால் ஆள் ஜாலியாகச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான். அவன் பட்டையில் ஊக்கை வைத்தார். லபக்கென்று ஒட்டிக்கொண்டது. ஆதிகேசவனுக்கு வயிறு எரிந்தது, தையலையும் சேர்த்து.

"பட்டைய மாத்திக்கலாம்பா."

"ஆசதான் நைனா! எனக்கு நல்லா கேக்குது. வுட்டுடு."

யேசுதாஸ் பட்டையைக் கழற்றிக் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனான். புரண்டு படுக்கவே முடியாத ஆதிகேசவன் எழுந்துபோய் மாற்றிக்கொண்டு வந்தார். கட்டியதும் வலி போன இடம் தெரியவில்லை.

"அசல் அசல்தான்டி!" என்று நாலு இட்லி கேட்டு வாங்கித் தின்றார்.

அந்தப் பூரிப்பை அடக்கத் தெரியாததுதான் வினை. முழுப் பல்லும் தெரிந்த முகத்தைப் பார்த்ததும், குளித்துவிட்டு வந்து பட்டையைக் கட்டிய யேசுதாஸுக்குச் சந்தேகம் வந்தது. ஊக்கை எடுத்துத் தன் பட்டையில் வைத்தான். அது கீழே விழுந்தது.

"ஐயோ, என் காந்தம்! யப்பா, வலி உயிர் போவுதே!"

ஒரு கையால் தன் தையலையும் மறு கையால் அவர் பட்டையையும் பிடித்து இழுத்தான். அவர் விடவில்லை. இரண்டு வயிறுகளும் ஒரே சமயத்தில் கதற, கிரேஸ் ஓடிவந்து விலக்கினாள்.

"திருடினீங்களா சார்?"

திருட்டுப் பட்டம் வேறா! ஆதிகேசவன் வந்த கோபத்தில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"திருட்டா? ஒரு ஏழை நோயாளிய ஏமாத்தறீங்க, அதக் கண்டுபுடிச்சேன், அது திருட்டா? முப்பது வருசமா போலியும் அசலும் பாத்துப் பாத்துத் தேஞ்ச நகம் இது!" ஊக்கைப் பட்டையில் ஒட்டவைத்து வார்டு முழுவதற்கும் திரும்பித் திரும்பிக் காட்டினார். "நல்லா பாத்துக்கோங்க! இதான் அசல்! என்னைய ஏமாத்த ஒருத்தன் பொறந்து வரணும்!"

நியாயம் அவர் பக்கம்தான் என்று நாலைந்து நோயாளிகள் கை தட்டினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பட்டை தைத்துக் கொடுக்கும் டெய்லர் மணிவண்ணன், புது மூட்டையோடு வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"அசல்ல காந்தம் உள்பக்கம் சார், மேல தகடு வெச்சு அடச்சிருக்கும், ஒரு குண்டூசிகூட ஒட்டாது. ஊக்கு வெச்சுப் பாக்கறவங்கள ஏமாத்தத்தான், டூப்புல மட்டும் மேல ஃப்ரிட்ஜ்ல ஒட்டற பொம்மைக் காந்தத்த வெச்சுத் தெக்கச் சொன்னாங்க."