மாறுகண் மீன் போட்ட பாத்திரம்

நோன்பு மாதத்தின் கடைசி வாரத்தில் ஹம்மாதி பூமியைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தார்.

அதற்கு முன் அவருக்குப் பூமியின் மேல் தனிப்பட்ட அக்கறை எதுவும் இருந்ததில்லை. அரபு நாட்டுத் துறைமுக நகரமான ஸ்ஃபாக்ஸின் பழைய மதிலுக்குள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு பார்த்துச் சொல்வார்; சொந்த வீட்டில் நடப்பது மட்டும் அவருக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். அன்று காலையில் தங்க வீதிக்குப் போனார். மெலிசாக ஒரு மோதிரத்தைக் காட்டி விலை கேட்டார். கடைக்காரர் சொன்னதைக் கேட்டதும் காட்டிய விரலை மடக்கிக்கொண்டார். சலாம் சொல்லிவிட்டு வெளியே வந்து அடுத்த சந்தில் திரும்பினார். அங்கே மண்பாண்டங்கள், புல் கூடைகள், ஒலிவ மரக் கரண்டிகள். அந்தத் திருப்பத்தில்தான் கொள்கை பிறந்தது.

மோதிரம் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த ஊரில் அதற்கு ‘உப்பின் உரிமை’ என்று பெயர். நோன்பு மாதம் முழுக்க வீட்டுக்காரி வெறும் வயிற்றோடு சமைக்கிறாள். உப்பு சரியா என்று நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுகிறாள். ஒரு துளி தொண்டையில் இறங்கினால் நோன்பு போச்சு. பெருநாள் காலையில் அவள் புதுத்துணி உடுத்திக் கணவனுக்குக் காபி கொண்டு வருவாள். அவன் குடித்துவிட்டுக் கோப்பையை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. உள்ளே ஒரு மோதிரமோ தோடோ போட்டுத் தர வேண்டும். மத்தியானம் உறவுக்காரப் பெண்கள் வருவார்கள். வந்ததும் வராததுமாக, “கோப்பையில என்ன விழுந்துச்சு?” என்பதுதான் முதல் கேள்வி. கேட்பவர்களில் முதல் ஆள் ஹம்மாதியின் அக்கா ஸுஹ்ரா. அவள் முன்னால் தன் மனைவி மனூபியா தலை குனிந்து நிற்கும்படி ஆகிவிடக் கூடாதே என்பது ஒன்றுதான் அவர் கவலை. மனைவியிடம் அவருக்குப் பயம் உண்டு. அதைவிடப் பிரியம் அதிகம். பயத்தை ஊரே அறியும். பிரியத்தை அவர் சொல்லிக்கொண்டதில்லை.

அன்று நோன்பு திறந்து, சூப்பைக் குடித்து முடித்ததும் மெதுவாக ஆழம் பார்த்தார்.

“மனூபியா, நம்ம வீட்டுக்கு என்ன குறை?”

“நீங்க இருக்கறப்ப வேற என்ன குறை வேணும்?”

“அதில்ல. அலமாரிக்கு, மேசைக்கு, அழகா ஏதாவது... கையால செஞ்சதா...”

“ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான். ரேடியோல சொன்னாங்க. கடல் பூரா பிளாஸ்டிக்காம். மீன் வயித்துல பையி கெடக்குதாம். இனிமே பெருநாளைக்கு மண்ணுல செஞ்சது, மரத்துல செஞ்சதுதான் குடுக்கணுமாம். பூமிக்கு நல்லதாம்.”

“பூமிக்கா?” மனூபியா கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இந்த மாசம் பூரா உங்களுக்குச் சமைச்சுப் போட்டது பூமியா?”

“பொதுவாச் சொன்னேன்மா.”

“பொதுவாவே கேட்டுக்கிட்டேன். தங்கம் கூட மண்ணுலேருந்துதாங்க வருது.”

ஹம்மாதிக்கு விக்கல் வந்தது. தண்ணீர் குடிக்கும் சாக்கில் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு மண்பாண்டக் கடைக்குப் போனார். அங்கே இருந்தவள் ரீம் என்ற இளம்பெண். முகத்தில் பாதியை அடைக்கிற கண்ணாடி போட்டிருந்தாள். ‘நம்ம கடையில வாங்கினது இல்லை’ என்று ஒரே பார்வையில் தெரிந்துகொண்டார்.

“இப்ப பெரிய வீடுகள்ல எல்லாம் இதுதான் மாமா,” என்று அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “ஒலிவ மர உரல். தலைமுறைக்கும் வரும்.”

“உரலா? கையில குடுத்ததும் என் தலையிலதான் முதல்ல இடிப்பா.”

“புல் கூடை?”

“கூடை குடுத்தா, சந்தைக்கு நீயே போன்னுடுவா.”

“அவங்களுக்கு என்ன பிடிக்கும்?”

“அவ தீவுக்காரி. கடல் மாதிரி ஏதாவது இருக்கா?” என்றார் ஹம்மாதி. மனூபியா கெர்க்கெனா தீவில் பிறந்தவள். மீன்காரர் வீட்டுப் பெண். வீட்டு ஜன்னலில் கடல் தெரியாதது அவளுக்கு இன்றுவரைக்கும் ஒரு குறை. அதற்குப் பிறகு அவர் கடையையே புரட்டிப் போட்டார். தட்டுகளைத் தட்டிப் பார்த்தார். குடங்களுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். ரீம் இரண்டு முறை கொட்டாவி விட்டாள். கடைசியில் மேல் தட்டிலிருந்து இறங்கியது அந்தப் பாத்திரம். ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிசு. உள்ளே கடல் நீலத்தில் மெருகு. அடியில் ஒரு மீன். கையால் வரைந்த மீன். ஆனால் அதற்கு மாறுகண்.

“இதோட பார்வை சரியில்லையே,” என்றார் தொழில் பழக்கத்தில்.

“கையால போட்டது மாமா. அதுதான் அழகு.”

ஹம்மாதி பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் நின்றாலும் மீனின் ஒரு கண் அவரைப் பார்த்தது. மற்றது எங்கேயோ பார்த்தது. அடுப்பையும் அவரையும் ஒரே நேரத்தில் கவனிக்கிற மனூபியா நினைவுக்கு வந்தாள். சிரிப்பும் வந்தது, கண்ணில் கொஞ்சம் ஈரமும் வந்தது. வாங்கிவிட்டார்.

இதை ஒளிப்பது எப்படி? மோதிரமா, சட்டைப் பைக்குள் போட? பக்கத்து வீட்டு நஃபீசாவிடம் ஓடினார்.

“தங்கச்சி, பெருநாள் காலையில வந்து எடுத்துக்கறேன். அவகிட்ட மூச்சு விடாதே.”

“நோன்பு வாயண்ணே இது. பொய் சொல்லுமா?”

என்ன அருமையான வாக்கு என்று நினைத்துக்கொண்டு ஹம்மாதி நிம்மதியாக வீடு திரும்பினார். ஊரே நோன்பு இருக்கிற மாதத்தில் ரகசியத்தை ஒப்படைக்கக் கூடாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பெருநாள் காலைத் தொழுகை முடிந்ததும் நேராக நஃபீசா வீட்டுக் கதவைத் தட்டினார். நஃபீசா கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்தாள்.

“பெருநாள் வாழ்த்துண்ணே.”

“வாழ்த்து இருக்கட்டும். பாத்திரம்?”

“அண்ணே, மனூபியா அன்னைக்கே வந்து கேட்டா. ‘எங்க வீட்டுக்காரர் ஏதாவது குடுத்து வச்சாரா’ன்னு நேராக் கேட்டுட்டா. நோன்பு வாயால நான் எப்படிண்ணே இல்லைங்கறது? நேத்து ராத்திரி கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பேன். சத்தியமா.”

“இப்ப எங்க இருக்கு?”

“விடியறப்பவே எடுத்துட்டுப் போயிட்டா.”

ஹம்மாதி தன் வீட்டுப் படியேறினார். வீட்டுக்குள் ஊதுபத்தி மணம். கூடத்தில் பெருநாள் கருவாடும், திராட்சை போட்ட வெங்காயக் குழம்பும் தயாராக இருந்தன. இஸ்திரி மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். சமையலறைத் திரை விலகியது. மனூபியா பச்சைப் பட்டில் வந்தாள். காதில் மல்லிகை மொட்டு. இரண்டு கையாலும் எதையோ சுமந்து, அடி மேல் அடி வைத்து வந்தாள்.

அவருடைய பாத்திரம். விளிம்பு வரைக்கும் காபி. ஆரஞ்சுப் பூ நீர் ஊற்றி, ஆவி பறக்கிற காபி. ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுக்கலாம்.

“எடுத்துக்குங்க, ஸீ ஹம்மாதி.”

‘ஸீ’ என்றால் ஐயா. அவளிடம் மரியாதை கூடினால் ஆபத்து கூடுகிறது என்று அர்த்தம்.

“இது... இது கோப்பையா?”

“உங்க மனசுக்கு ஏத்த அளவுல போட்டுக் கொண்டு வந்தேன்.”

“மனூபியா, இதுதான் நான் உனக்கு வாங்கின...”

“எனக்கா? வீட்டுக்குன்னுல்ல சொன்னீங்க? பூமிக்கு நல்லதுன்னீங்க? வீட்டுக்கு வந்தாச்சு. பூமிக்கும் சந்தோஷம். இப்ப குடிங்க, ஆறிடும். குடிச்சிட்டு வெறுமையாத் திருப்பிடாதீங்க. ஸுஹ்ரா மதினி வர்ற நேரம்.”

ஹம்மாதி குனிந்து குடித்தார். மூச்சு வாங்கினார். மறுபடி குடித்தார். கடல் வற்றுகிற வேகத்தில் காபி இறங்கியது. நடுவில் நிமிர்ந்தபோது மீசையெல்லாம் காபி. மனூபியாவுக்கு மனசு கேட்கவில்லை. எதிரில் உட்கார்ந்து அவளும் மறு பக்கத்து விளிம்பில் வாய் வைத்தாள். ஒரு முறை இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவருக்குக் காபி கசக்கவில்லை.

கடைசியில் மீன் வெளியே வந்தது. ஒரு கண் ஹம்மாதியைப் பார்த்தது, மற்றது மனூபியாவை.

ஹம்மாதி பைகளைத் துழாவினார். ஒரு சீப்பு. கடைச் சாவி. பெருநாளைக்கு வருகிற குழந்தைகளுக்கு வாங்கின மிட்டாய். கண்ணாடி துடைக்கிற துணி. ஒவ்வொன்றையும் பாத்திரத்தில் போட்டார். ஒவ்வொன்றையும் மனூபியா எடுத்து வெளியே வைத்தாள்.

“என்கிட்ட எதுவும் இல்லம்மா,” என்றார். “தங்க வீதிக்குப் போனேன். விலையக் கேட்டதும் பயந்துட்டேன். பூமி அது இதுன்னதெல்லாம் அப்புறம் வந்தது. ஆனா இந்தப் பாத்திரம் மட்டும்... இது உனக்குன்னுதான் பார்த்துப் பார்த்து எடுத்தேன். அக்கா கேட்டா நீ என்ன சொல்லுவே?”

மனூபியா மீனைத் தடவிப் பார்த்தாள்.

“அந்தக் கடைப் பொண்ணு நஃபீசாவோட தங்கச்சி மக. நீங்க குடத்துக்குள்ள தலைய விட்டது வரைக்கும் சொல்லிட்டா. தீவுக்காரி, கடல் மாதிரி ஒண்ணு வேணும்னு கேட்டீங்களாம்.” அவள் குரல் இறங்கியது. “ஒரு நாள் சூப்புல உப்பு அள்ளிப் போட்டுட்டேன், தெரியுமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லல. குடிச்சிட்டு விடியற வரைக்கும் தண்ணியாக் குடிச்சீங்க. எனக்குத் தங்கம் வேண்டாங்க.”

ஹம்மாதிக்குக் கண் நிறைந்தது. “நிஜமாவா?”

“நிஜமாத்தான். ஆனா கோப்பை வெறுமையாப் போகக் கூடாது. அது முறை. எங்க, ரெண்டு கையையும் அதுக்குள்ள வைங்க பார்ப்போம்.”

பிரியத்தில் வைத்தார். மோதிரம் போடும் சடங்கு போல ஏதோ என்று நினைத்தார். மனூபியா பாத்திரத்தோடு சேர்த்து அவரையும் சமையலறைத் தொட்டிக்கு நடத்திக்கொண்டு போனாள். குழாயைத் திறந்தாள். சோப்பு விட்டாள். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டாள். ராத்திரிப் பாத்திரங்களைப் பக்கத்தில் அடுக்கினாள்.

“கையால செஞ்சது, மெதுவாக் கழுவுங்க. இந்த உப்பு உரிமை எனக்கு அடுத்த ரமலான் வரைக்கும் வரட்டும்.”

அப்போதுதான் வாசலில் வளையல் சத்தத்தோடு ஸுஹ்ரா அக்கா நுழைந்தாள். பெருநாள் முத்தம் முடிவதற்குள் கேட்டுவிட்டாள்.

“என்னடி, கோப்பையில என்ன வச்சான் என் தம்பி?”

“வந்து பாருங்க மதினி.”

ஸுஹ்ரா சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். நீலப் பாத்திரம். நுரை. நுரைக்குள் முழங்கை வரைக்கும் தம்பியின் இரண்டு கைகள். அவள் தன் கை நிறைய இருந்த தங்க வளையல்களை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தட்டு கூடக் கழுவாத புருஷன் வாங்கிக் கொடுத்தவை. பெருமூச்சு விட்டாள்.

“ஒரு வாரத்துக்கு எனக்குக் குடேன், மனூபியா.”

“தாராளமாக் கூட்டிட்டுப் போங்க மதினி,” என்றாள் மனூபியா. “பாத்திரத்தை மட்டும் தரமாட்டேன்.”