வால்டர் சார் பிரிக்கச் சொன்ன கூரை

மாப்ளை வீட்ல கை நனைக்கறதில்லன்னு வால்டர் சார் ஒரு சபதம் போட்டிருந்தாரு. சாந்தோம்ல பொண்ணு கல்யாண விருந்து நடக்குது, பிரியாணி வாசனை மூக்கைத் துளைக்குது. அதுக்கு நடுவுல மைக்கைப் புடுங்கிப் போட்ட சபதம். "பொண்ணைக் குடுத்த வீட்ல அப்பன் போய் உக்காந்து சாப்டக் கூடாது. நம்ம வம்சத்துலயே அது கெடையாது!" வம்சத்துல அப்படி ஒண்ணு இருந்த மாதிரி யாருக்கும் ஞாபகமில்ல. அவரோட அப்பாவே ஒவ்வொரு மாப்ளை வீடாப் போய் மீன் கொழம்பை ஒரு கை பாத்த மனுசன்.

அந்த மாப்ளை ஆஸ்டின், இப்ப அரிசோனாவுல, பாலைவனத்துக்கு நடுவுல, ஓடு போட்ட வீடு ஒண்ணு வாங்கியிருக்கான். பொண்ணு சாண்ட்ரா, அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்தே விசா எடுத்துக் குடுத்தா. பொண்டாட்டி ஆனி பெட்டியைக் கட்டினா. வால்டர் சார் சபதத்தைக் கட்டிக்கிட்டு சாந்தோம் ஃப்ளாட்லயே தங்கிட்டாரு.

பொங்கலுக்கப்பறம் போனவ, ஈஸ்டருக்கு வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போனா. ஈஸ்டர் வந்துச்சு. ஏசு உயிர்த்தாரு. ஆனி வரல.

காலையில டிகாஷன் எறக்கினா ரெண்டு டம்ளருக்குத்தான் எறங்குது. கை அப்படிப் பழகிடுச்சு. ரெண்டாவது டம்ளரையும் அவரே குடிச்சுக் குடிச்சுத் தூக்கம் போச்சு. துணி காயப்போட்டா பாதிக் கொடி காலியாக் கெடக்கு. ஞாயித்துக்கிழமை பூசையில பக்கத்துல கைக்குட்டையைப் போட்டு எடம் புடிச்சுட்டாரு. ஒரு அம்மா வந்து, "யாருக்குங்க?"ன்னு கேட்டப்பறம்தான் ஒறைச்சுது. ஊர்லயே இல்லாத பொண்டாட்டிக்கு எடம் புடிச்ச ஆளு அந்தக் கோயில்லயே அவர் ஒருத்தர்தான்.

ஆனா 'வந்துடு'ன்னு வாயைத் தொறந்து சொல்லணுமே! வால்டர் சார் ஸ்கூல்ல ட்ரில் மாஸ்டரா இருந்தவரு. சர்வீஸ் பூரா 'அட்டென்ஷன்'னு கத்தின வாய். அந்த வாய்ல, 'நீ இல்லாம முடியல'ங்கறது எந்தப் பக்கமா வரும்?

தெனம் காலையில வீடியோ கால் வரும். இங்க காலை, அங்க முந்தின நாள் சாயங்காலம்.

"சாப்டீங்களா?"

"ம்."

"என்ன சாப்டீங்க?"

"உப்புமா."

"நேத்தும் உப்புமான்னீங்க?"

"நேத்து செஞ்சதுதான் இது."

"நல்லா இருக்கு போங்க. இங்க பாருங்களேன், ஹால் மேல ஒரு கறை. பாலைவனத்துல எப்பவோ ஒரு மழை பேஞ்சுச்சாம். அதுக்கே இப்படி."

ஆனி போனை மேல திருப்பினா. வெள்ளை சீலிங்ல இட்லி சைசுக்கு ஒரு பழுப்புக் கறை. வால்டர் சார் கண்ணுக்கு அது கறையாவே தெரியல. கலங்கரை வெளக்கமாத் தெரிஞ்சுது.

போனை வெச்சதும் நேரா எதிர் ஃப்ளாட் புகழேந்தி கிட்ட ஓடினாரு.

"இன்னா சார், மூஞ்சில பல்பு எரியுது?"

"புகழு, ஓட்டு வீட்ல ஓடு மாத்தணும்னா முதல்ல என்ன பண்ணுவாங்க?"

"இருக்கற ஓட்டைப் பிரிப்பாங்கோ."

"பிரிச்சா மேல என்ன இருக்கும்?"

"வானம்தான் கீது."

"வானத்துக்குக் கீழ குடித்தனம் பண்ண முடியுமா?"

"அதெப்டி? சட்டி பானையைத் தூக்கிக்கினு சொந்தக்காரங்க வூட்டுக்குப் போய்க்கினே இருக்க வேண்டியதுதான்."

"அந்தப் பாலைவனத்துல ஆனிக்கு எந்த சொந்தக்காரன் இருக்கான்?"

புகழேந்தி வாயைப் பொளந்தான். "அப்போ அண்ணி நேரா இங்க... சார்! சும்மா சொல்லக் கூடாது, நீ கிரிமினல் சார்!"

அன்னிலேந்து வால்டர் சார் மாப்ளைக்கு போன் போட ஆரம்பிச்சாரு. "ஆஸ்டின், நான் ஓட்டு வீட்ல பொறந்தவன், கேட்டுக்கோ. கறை இட்லியா இருக்கறப்பவே முழிச்சுக்கணும். அடுத்த மழையில ஊத்தப்பம் ஆவும். அதுக்கடுத்து ஃபேமிலி ரோஸ்ட். மொத்தமாப் பிரிச்சுடு!"

"பாக்கலாம் மாமா."

"பாத்துக்கிட்டே இருந்தா சாம்பாரே மேலேந்து ஊத்தும்!"

தெனம் இதே பாட்டு. கடைசியில ஆஸ்டின் கையெடுத்துக் கும்புட்டான். "சரி மாமா, ஆள் சொல்லியாச்சு. பத்து நாள்ல பிரிக்கறாங்க."

வால்டர் சார் துள்ளிக் குதிச்சாரு. வீட்டை ஒட்டடை அடிச்சாரு. பட்டினப்பாக்கம் போய் மீன்கார அம்மா கிட்ட, "பெரிய வஞ்சிரமா ஒண்ணு சொல்லி வை. வீட்டம்மா வராங்க"ன்னு சொன்னாரு. சொல்றப்போ குரல் கொஞ்சம் தடுமாறிச்சு. கடல் காத்து மேல பழியைப் போட்டுட்டாரு.

மறுநாள் போன்ல, ஒண்ணுமே தெரியாத மாதிரி ஆரம்பிச்சாரு.

"ஆனி, பெட்டி கட்டிட்டியா?"

"எதுக்கு?"

"ஓட்டைப் பிரிக்கறாங்களே! உச்சந்தலையில பாலைவன வெயில். மேலேந்து தேளு விழும், பாம்பு விழும். வயசான காலத்துல உனக்கெதுக்கு? கெளம்பி வா."

ஆனி சிரிச்ச சிரிப்புல போன் ஆடிச்சு. "ஐயோ, இங்க ஓடு சும்மா தொப்பி மாதிரிங்க. அதுக்குக் கீழ தார் ஷீட்டு, அதுக்கும் கீழ மரப்பலகை. ஓட்டுக்கு ஒண்ணும் ஆவல. வெயில்ல அந்த ஷீட்டுதான் அப்பளமா நொறுங்கிக் கெடக்காம். ஓட்டை எடுத்து அடுக்கிட்டு, ஷீட்டை மாத்திட்டு, அதே ஓட்டைத் திரும்பப் போட்டுடுவாங்க. கீழ நாங்க பாட்டுக்கு ஏசியில படுத்துக் கெடப்போம்."

வால்டர் சார் கையில இருந்த ஒட்டடைக் குச்சியைக் கீழ போட்டாரு.

"இன்னொண்ணு. வேலை நடக்கறப்போ வீட்ல ஒரு ஆள் இருந்தாகணும். இதுங்க ரெண்டும் ஆபீஸ் போயிடும். அதான் என் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாச்சு."

"எவ்ளோ தள்ளி?"

"இந்த நாட்டுக்காரன் 'போதும், கெளம்பு'ன்னு சொல்ற வரைக்கும்."

வால்டர் சார் போனை மூஞ்சிக்குக் கிட்ட இழுத்துக்கிட்டாரு.

"ஆனி. வந்துடேன்."

"ஏன்?"

"சிலிண்டர் மாத்தத் தெரியல."

"புகழேந்தியக் கூப்புடுங்க."

"கொசு கடிக்குது."

"வலை கட்டுங்க."

"சாப்பாடு..."

"ஆழ்வார்பேட்டையில இல்லாத ஹோட்டலா? வேற என்ன?"

வால்டர் சார் அங்க இங்க பாத்தாரு. பால்கனியில அவரோட ரெண்டு வேட்டி, ஒரு பனியன். அவ்ளோதான்.

"கொடி பாதி காலியாக் கெடக்குது, ஆனி."

அந்தப் பக்கம் போன் மேல திரும்பிடுச்சு. சீலிங்தான் தெரிஞ்சுது. மூக்கை உறிஞ்சற சத்தம். ஆனி குரல் மெல்ல வந்துச்சு. "எனக்கும்தாங்க இங்க நாள் ஓடல. நீங்கதான் வாங்களேன். விசா பீரோவுல சும்மா தூங்குது. ஓடு பிரிக்கறதை நின்னு பாக்க இங்க யாருக்குத் தெரியும்? ஓட்டு வீட்ல பொறந்தவரு நீங்க ஒருத்தர்தானே?"

"சபதம் போட்டிருக்கேனேடி."

"இது காஞ்ச ஊருங்க, கையே நனையாது. ஸ்பூன்ல சாப்புடுங்க."

அடுத்த வாரமே வால்டர் சார் ப்ளேன்ல இருந்தாரு. வழி பூரா ஒரே ஒத்திகை. பாத்ததும் என்ன சொல்லணும், எப்படிச் சிரிக்கணும்னு. ஏர்போர்ட்ல ஆனி கூலிங் கிளாஸும் கேன்வாஸ் ஷூவுமா வந்து நின்னா. ஒத்திகை பண்ணது பூரா மறந்து போச்சு.

"எளைச்சுட்டீங்க."

"நீ கலராயிட்டே."

கார் வரைக்கும் அவ அவர் கையை விடல. வெளிய அடிச்ச நெருப்பு வெயில் அவருக்கு மெரினாக் காத்தா இருந்துச்சு. அன்னிக்கு மாப்ளை வீட்ல மூணு தடவை சோறு வாங்கிச் சாப்டாரு. ஸ்பூன் ஞாபகமே வரல.

மறுநாள் பொழுது விடியறப்பவே கூரை மேல தடதடன்னு பூட்ஸ் சத்தம். ஓடு பிரிக்க ஆள் வந்தாச்சு. பக்கத்துல ஆனியைக் காணோம். அவளுக்கு ஒரு காபி போட்டுக் குடுக்கணும்னு வால்டர் சார் வேகமா எறங்கி வந்தாரு. வாசல்ல கார் டிக்கி தொறந்து கெடக்கு. பெட்டிங்க ஏறியாச்சு. சாண்ட்ராவும் ஆஸ்டினும் முன் சீட்ல. ஆனி பின் சீட்ல, தலையில தொப்பியோட.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"கிராண்ட் கேன்யன் போறோம்ங்க. அப்படியே லாஸ் வேகாஸ். ரெண்டு பேரும் லீவு போட்டுட்டாங்க. வந்த நாள்லேந்து போகணும்னு துடிச்சுக்கிட்டு இருக்கேன். வீட்ல விட்டுட்டுப் போக ஆள்தான் கெடைக்கல."

"அப்போ நான்?"

"நீங்க ஓட்டைப் பாத்துக்குங்க. மேல இருக்கறவங்களுக்கு அப்பப்போ தண்ணி குடுங்க, பாவம்."

"ஏண்டி, உன் கூட இருக்கத்தானேடி இவ்ளோ தூரம் வந்தேன்?"

கார் நகர்ந்துச்சு. ஆனி கண்ணாடியை எறக்கி, பாசமா ஒரு பார்வை பாத்தா.

"கவலையே படாதீங்க. நான் இல்லாம இருந்து பழகினவரு நம்ம குடும்பத்துலயே நீங்க ஒருத்தர்தான்!"