மைறனின் வலது கை

செபமாலைக்கு ஆட்கள் வரும் நேரம். வரவேற்பறையில் மாதா படத்துக்கு நேரெதிரே ஒருவன் அம்மணமாய் நின்றான். பிளாஸ்ரர் சிலைதான், ஆனாலும் அம்புறோஸுக்கு வியர்த்தது.

வேலையில் நின்ற மனைவி கிறேஸுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"இவனைக் கட்டிலுக்குக் கீழ தள்ளட்டே?"

"தொடாதேங்கோ! செயின்ட்-மிஷேல் கடைத்தெரு முழுக்க அலைஞ்சு வாங்கினது. மைறன் எண்ட கிரேக்கச் சிற்பி செய்த தட்டெறியிற வீரன்ர நகல். நாளைக்கு வகுப்பில அதை வைச்சுத்தான் கதைக்க வேணும்."

கிறேஸ் ஐம்பது வயதில், மாலை வகுப்பில் லத்தீன் இலக்கியம் படிக்கிறாள். மைறன் வெண்கலத்தில் வார்த்த பசுவை லத்தீன்காரர் புகழ்ந்ததைச் சாப்பாட்டு மேசையில் சொல்லுவாள். அம்புறோஸுக்குப் பாதி விளங்காது. அவள் முகம் மலர்வதைப் பார்ப்பதற்காகவே, "ஓம், பேந்து?" என்று கேட்பார்.

சிலையைத் தள்ளவில்லை, இடுப்பில் ஒரு சாரம் மட்டும் கட்டிவிட்டார். முடிச்சை இறுக்கியபோது அது சரிந்து விழுந்தது. தட்டு தூளாகி, வலது கை கழன்றது.

பசை பூசி அவசரமாய் ஒட்டினார். கை ஆசீர்வதிப்பதுபோல் மேலே நின்றது. திருப்பப் பார்த்தார். திரும்பவில்லை. அவருடைய விரல்களும் பசையை விட்டு வரவில்லை.

"தம்பி, கதவு திறந்து கிடக்கு!" என்றபடி, செபத்தை நடத்தும் பெரியவர் செபஸ்தியாம்பிள்ளையர் ஆட்களோடு உள்ளே வந்தார். "இவர் எந்தப் புனிதர்?"

"மை... மைறன்."

"ஏன் கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்?"

"ஒரு நேர்த்திக்கடன்."

பெரியவர் சிலையைப் பார்த்தார். தரையில் கிடந்த உடைசலையும், அம்புறோஸின் முகத்தையும் பார்த்தார். பிறகு முழந்தாளிட்டார். எல்லாரும் முழந்தாளிட்டார்கள். என்றுமில்லாத உருக்கத்தோடு செபம் நடந்தது. ஒரு அம்மா கண்ணைக்கூடத் துடைத்தார். அம்புறோஸுக்கு நெஞ்சு குறுகுறுத்தது.

அந்த நேரம் கிறேஸ் வந்தாள். சாரத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் கொண்டுவந்து, அவர் விரல்களை மெல்ல மெல்ல விடுவித்தாள்.

"நாளைக்கு உன்ர வகுப்பு..." என்றார் அம்புறோஸ்.

"மைறன் தன்ர கையால செய்தது ஒண்டும் இப்ப மிஞ்சேல்லை. நகலை மட்டும் நீங்கள் மிச்சம் விடுவீங்களே?" சிரித்துக்கொண்டே சிவந்த விரல்களை ஊதினாள். "நோகுதே?"

அம்புறோஸ் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இவர் புனிதரில்லை. உங்களை ஏமாத்தி மன்றாட வைச்சிட்டன்."

செபஸ்தியாம்பிள்ளையர் முழங்காலைத் தடவியபடி எழும்பினார்.

"அது எங்களுக்குத் தெரியும் தம்பி. கிறேஸ் வந்து பாக்கேக்க உம்மைக் காப்பாத்தச் சொல்லித்தான் நாங்கள் மாதாவிட்ட மன்றாடினனாங்கள்."