பயிற்சி வண்டி நடைபாதையில் ஏறிய விவரம்

அன்பும் பயமும் சரிபாதியாகக் கலந்த வணக்கத்துடன் அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

இங்கே நான், என் மனைவி, உன் மருமகளாகிய என் மகள் மூவரும் உடம்பளவில் சுகம். அங்கே நீயும் அத்தானும் பையனும் சுகமாக இருப்பீர்கள். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதால் நின்றுகொண்டு படிக்காமல் உட்கார்ந்து படிக்கவும். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிடவும்.

"என்னமோ வண்டி, என்னமோ போலீஸ்னு காதுல விழுதே" என்று நீ போனில் கேட்டபோது, என் மனைவி "அவரே விவரமா எழுதுவார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எழுதும்படி மாட்டிவிட்டது அவள், எழுதுவது நான். பரவாயில்லை. மற்றவர்கள் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நடந்தது நடந்தபடி உனக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பதால் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பத்தொன்பது வருஷமாக நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துவது உனக்குத் தெரியும். இரண்டு வண்டிகள். இரண்டின் கூரையிலும் பள்ளியின் பெயரும் என் போன் நம்பரும் எழுதிய பலகை உண்டு. மூன்றாவது மாடி பால்கனியில் துணி காயப்போடுகிறவர்கள்கூடப் படிக்க வேண்டும் என்று எழுத்தைப் பெரிதாகப் போடச் சொன்னது நான்தான். அன்றைக்கு ஒரு வண்டி மெக்கானிக்கிடம் இருந்தது. எனக்கு மதியம் கண் ஆஸ்பத்திரியில் நேரம் கொடுத்திருந்தார்கள். உன் மருமகளுக்கு அன்று கடைசிப் பரீட்சை. காலையில் அவள் கிளம்பும்போது நான் சொன்னேன்: "பரீட்சை முடிஞ்சு வர்ற வழியில மெக்கானிக்கிட்ட இருந்து வண்டிய எடுத்துட்டு வந்துடும்மா. ஒரே ஒரு தெருதானே." அக்கா, நீ இப்போது என்ன கேட்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பதினேழு வயது, லைசென்ஸ் கிடையாது. ஆனால் பதினைந்து வயதிலிருந்தே காலி மைதானத்தில் நான் சொல்லிக்கொடுத்து ஓட்டுகிறாள், என்னிடம் கற்றுக்கொண்ட ஆயிரத்துச் சொச்சம் பேரில் அவளைப்போல கிளட்ச் பிடிக்கிற கால் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, அவள் கியர் மாற்றினால் வண்டிக்கே தெரியாது. இதை ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவள் அந்த ஒரே ஒரு தெருவைத் தாண்டி ஐந்தாவது தெருவில் தன் தோழி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பரீட்சை முடிந்த சந்தோஷத்தில், தோழியின் அப்பா அலமாரியில் சட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்த பாட்டிலை எடுத்து ஆரஞ்சு ஜூஸில் கலந்து அந்தத் தோழியோடும் இன்னொருத்தியோடும் சேர்ந்து குடித்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயில் நேரம், மணி இரண்டு.

என் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். கருவிழி விரிந்து நாலு மணி நேரத்துக்கு எதுவும் சரியாகத் தெரியாது, வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு நான் ஏற்பாடு செய்திருந்தேன். என் மாணவி ஒரு பல் டாக்டரம்மா, ஐம்பது வயது, இரண்டு முறை லைசென்ஸ் தேர்வில் தோற்றவர், தங்கமான மனுஷி. "பயிற்சிக்குப் பயிற்சியும் ஆச்சு, நீங்க என்னைக் கூட்டிட்டுப் போன மாதிரியும் ஆச்சு" என்று அவரையே ஓட்ட வைத்து இன்னொரு பயிற்சி வண்டியில் கிளம்பினோம். அவருக்கு ஒரே ஒரு குறை. வலப்பக்கம் திரும்பப் பயம். அதனால் வலது திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் நாங்கள் மூன்று முறை இடது திரும்பிப் போவோம். எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

பாதி வழியில் முதல் போன் வந்தது. என் பழைய மாணவர், பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். "மாஸ்டர், உங்க வண்டி இண்டிகேட்டர் இடது பக்கம் போட்டுட்டு வலது பக்கம் திரும்பிச்சு. புது ஸ்டூடண்டா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு யோசித்தேன், என் வண்டியில் அல்லவா நான் உட்கார்ந்திருக்கிறேன்! அதற்குள் இரண்டாவது போன். ஒரு பெண்மணி. "சார், உங்க ஸ்கூல் கார் எங்க வீட்டுக்கு எதிர்ல இருக்குற ரவுண்டானாவ மூணு தடவை சுத்திட்டுப் போகுது. ஓட்டுற பொண்ணு எனக்குக் கை வேற காட்டிச்சு." மூன்றாவது, யாரோ தெரியாத ஆள்: "நீங்க எத்தனை நாள்ல கத்துக்கொடுப்பீங்க?" என்று கேட்டார். இருபது நாள் என்றேன். "இப்ப என்னை இடிக்கிற மாதிரி வந்துட்டுப் போச்சே உங்க வண்டி, அதுக்கு எத்தனாவது நாள்?" என்றார். மகளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. "டாக்டரம்மா, கொஞ்சம் வேகமாப் போலாம்" என்றேன். "மாஸ்டர், இருபதைத் தாண்டாதேன்னு சொன்னது நீங்கதான்" என்றார். "இன்னிக்குத் தாண்டலாம்." "அப்புறம் முன்னாடி வலது வருதே?" என்றார். மூன்று இடது திரும்பினோம். அதற்குள் ஜெராக்ஸ் கடைக்காரர் போன் செய்தார். "மாஸ்டர், உங்க வண்டி நம்ம கடைக்கு முன்னாடி நிக்குது. நிக்குதுன்னா, பிளாட்பாரத்துல ஏறி நிக்குது. நீங்க வந்துடுங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை வெளிச்சமும் அதற்குள் அசைகிற நிறங்களும்தான். கூட்டத்தின் சத்தம் கேட்டது. நான் காரைவிட்டு இறங்கவில்லை. "டாக்டரம்மா, யாராவது கீழ கிடக்குறாங்களா பாருங்க" என்றேன்.

"ஒரு ஸ்டூல் கிடக்கு மாஸ்டர். நசுங்கிப்போய்."

"ஆளு?"

"ஆளு இல்ல."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். வண்டிக்கு அடியிலயும் குனிஞ்சு பாத்துட்டேன். யாரும் இல்ல."

அந்த இடத்தில் பத்து வருஷமாக ஒருவர் சாவி செய்து கொடுக்கிறார், சின்ன மேஜை, ஒரு மரஸ்டூல். கொஞ்ச நேரத்தில் அவர் கையில் டீ கிளாசோடு வந்து நின்றார். யாரையும் திட்டவில்லை. "டீயில சக்கர போட மறந்துட்டான்னு திருப்பிக் கொடுக்கப் போனேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். "அதுலதாங்க உக்காந்திருந்தேன். சக்கர போட மறந்துட்டான்." உன் மருமகள் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்திருந்தாள். தோழிகளோடு ஒரு சுற்றுப் போய், அவர்களை அவரவர் வீட்டில் பத்திரமாக இறக்கிவிட்டு வந்தாளாம், அந்த மட்டில் பொறுப்பு. என் குரலைக் கேட்டதும் "அப்பா, நான் பிரேக்தாம்ப்பா மிதிச்சேன், அது ஆக்சிலேட்டரா இருந்துச்சு" என்றாள். நல்லவேளை எனக்கு அவள் முகம் தெரியவில்லை. ஆரஞ்சு வாசனையும் இன்னொரு வாசனையும் மட்டும் வந்தது.

இதற்குமேல் நடந்ததற்கு நான்தான் காரணம். போலீஸ் ஜீப் வந்தது. இறங்கிய எஸ்.ஐ. என் பழைய மாணவன். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டு, "தம்பி, நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதல்ல, தானாக வந்தது. "எந்த வண்டிய மாஸ்டர்?" என்றான். "இதோ இந்த வண்டிய" என்று கை நீட்டிக் காட்டினேன். நான் காட்டியது தண்ணீர் லாரியாம். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் டார்ச் அடித்து என் கண்ணைப் பார்த்தான். கருவிழி சட்டைப் பொத்தான் அளவுக்கு விரிந்திருக்கிறது, வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லை. ஊதச் சொன்னான். ஊதினேன். ஒன்றும் இல்லை என்று காட்டியது. அதுதான் அவனுக்கு இன்னும் கவலையாகப் போய்விட்டது. என்னைத் தனியாக அழைத்துப்போய், "மாஸ்டர், குடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல, இது வேற என்னமோ மாதிரி இருக்கு. எத்தனை நாளா பழக்கம்?" என்றான். பத்தொன்பது வருஷம் கட்டிக்காத்த பெயர், அக்கா. நல்லவேளை டாக்டரம்மா வந்து, "அது கண் ஆஸ்பத்திரி மருந்து, சார். இவரை இங்க கூட்டிட்டு வந்ததே நான்தான், நாங்க வந்த வண்டிய நான் ஓட்டினேன்" என்று ஒரு பொய்யும் கலக்காமல் சொன்னார். கண் தெரியாத ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்குட்டி வண்டி ஓட்டுவதும் குற்றம்தானாம். இத்தனை வருஷம் நடத்தியும் எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னான். தானே ஓட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றுவிட்டான்.

பிறகு அவளை ஊத வைத்தார்கள். அந்தக் கருவி போட்ட சத்தம் இருக்கிறதே, அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

ஸ்டேஷனில் ஒரு பெஞ்சு. சுவரோரம் பிடித்துவந்த சைக்கிள்கள். நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து வெள்ளைக் கோட்டுடனே வந்து சேர்ந்தாள், கோட்டைக் கழற்றவும் தோன்றவில்லை அவளுக்கு. எஸ்.ஐ. எங்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: "மாஸ்டர், எனக்குக் கியர் போடக் கத்துக்கொடுத்தவர் நீங்க. பொண்ணோட எதிர்காலம். யாருக்கும் அடிபடல. அந்த ஆளுக்கு ஒரு ஸ்டூல் வாங்கிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க. நான் எழுதாம விட்டுடுறேன்." அக்கா, அந்த நிமிஷம் நான் எழுந்து நின்றேன். ஒரு தகப்பன் கண்டிப்பாக இருக்க வேண்டிய நேரம் எது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "எழுதுங்க, தம்பி. நடந்தது நடந்தபடி எழுதுங்க" என்றேன். எழுதினார்கள்.

எழுதியதன் பலன் இது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்ததற்காக என் பள்ளிக்கு மூன்று மாதம் பூட்டு. பலகை இரண்டையும் கழற்றிப் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் போட்டிருக்கிறேன். என் லைசென்ஸும் அவர்களிடம்தான். அவளுக்கு இன்னும் சில வருஷங்களுக்கு லைசென்ஸ் கிடையாது. கோர்ட்டில் நீதிபதி அவளைவிட என்னிடம்தான் அதிகக் கேள்வி கேட்டார். டாக்டரம்மாவை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் நான் எடுத்த ஒழுங்கு நடவடிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலில் அவள் போனைப் பிடுங்கி வைத்தேன். அவளுக்கு வருகிற போன்களையெல்லாம் நான் எடுத்துப் பேச வேண்டியதாயிற்று, இரண்டே நாளில் அவள் வகுப்பில் யாருக்கு யாரோடு சண்டை என்பது எனக்கு மனப்பாடம். அடுத்து, அவளோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். அவளும் பேசவில்லை. மத்தியானத்துக்குள் எனக்குத்தான் தாங்கவில்லை, "சாப்பிட்டியா?" என்று கேட்டுத் தொலைத்தேன். பிறகு எங்கே போனாலும் நடந்தே போக வேண்டும் என்று உத்தரவு போட்டேன். போகிறாளா என்று பார்க்கப் பின்னாலேயே நானும் நடந்து, இப்போது முழங்காலில் தைலம் தடவிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி இதில் எதிலும் தலையிடவில்லை. ஒரு நாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு சாவிக்காரரிடம் போனாள். கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டு அவளை மட்டும் அனுப்பினாள். அவள் என்ன சொன்னாளோ தெரியாது. சாவிக்காரர் புது ஸ்டூலிலிருந்து எழுந்து அவளை உட்காரச் சொன்னாராம். அவளால் உட்கார முடியவில்லையாம். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நான் போட்ட மூன்று உத்தரவாலும் நடக்காதது அது ஒன்றால் நடந்திருக்கிறது.

உன் பையனுக்கும் பதினாறு ஆகிறது. "நம்ம பிள்ளை அப்படிச் செய்யாது" என்று அத்தான் சொல்வார். நானும் அதைத்தான் ஆஸ்பத்திரி வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளையிடம் நயமாகவும் இருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் சமயம் வரும்போது பெற்றவன் இரும்பாக நிற்க வேண்டும். ஸ்டேஷனில் நான் நின்ற மாதிரி. இதை என் அனுபவமாக எடுத்துக்கொள்ளவும்.

அத்தானுக்கு என் நமஸ்காரம். பையனுக்கு என் அன்பு. நீ என்னைத் திட்டுவதாக இருந்தால் தபாலில் திட்டவும், போனில் வேண்டாம், எடுப்பது என் மனைவியாக இருக்கும். பெரியவள் நீ, எங்கள் மூவரையும் வாழ்த்தி ஒரு வரி எழுதினால் அதுவே போதும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்கப் போனபோது என் மனைவி இப்போதுதான் சொல்கிறாள், போன ஞாயிற்றுக்கிழமையே உன் மருமகள் உனக்குப் போன் செய்து, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் அவள் வாயாலேயே சொல்லிவிட்டாளாம். அப்படியென்றால் இத்தனை பக்கமும் வீண். ஸ்டாம்ப் ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன். அவள் சொன்னதும் நான் எழுதியதும் ஓரிடத்தில் ஒத்துப்போகாது, ஸ்டேஷன் விஷயத்தில். அவள் சொன்னதுதான் சரி. நான் எழுந்து நின்றது உண்மை. "ரொம்ப நன்றி, தம்பி" என்று சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பத்தான் எழுந்து நின்றேன். அவள்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "உக்காருங்கப்பா" என்று சொல்லிவிட்டு, "எழுதுங்க சார்" என்றாள்.