முள் விழுந்தால் சந்திர தோஷம்

கருவடிக்குப்பத்தில் பௌர்ணமி மாலை என்றால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. நிலாச்சித்தர் தோஷம் பார்க்கிறார். இவர் பெட்டி வைத்திருக்கும் சித்தர். உள்ளங்கை அளவுப் பெட்டி, மேலே கண்ணாடி, அதன் ஓரத்தில் கடிகாரத்தில் இருப்பதுபோல் ஒரு முள். ஒயர் இல்லை, பேட்டரி இல்லை. பிரெஞ்சு எழுத்து வேறு. போதாதா? பிரெஞ்சில் எழுதியிருந்தால் தீப்பெட்டியையும் கும்பிடுகிற, பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் நம்முடையது.

"உள்ள இருக்கறது செலீனியம். கிரேக்க பாஷையில செலீனின்னா சந்திரன். வெள்ளைக்காரனே ஒத்துக்கிட்டான்" என்பார் சித்தர். பெயர் அப்படி வந்தது உண்மைதான். அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மையும் அதுதான்.

கண்ணாடி மேல் கையை வைத்தால் முள் விழும். தோஷம். காணிக்கை போட்டதும் கையைப் பெட்டிக்கு அடியில் வைக்கச் சொல்வார். முள் ஏறும். தோஷம் போயிற்று. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பக்கத்தில் சாரம் பகுதியிலிருந்து ஜானகிராமன் தன் மகள் கவிநிலாவோடு வந்திருந்தார். பிள்ளைக்கு வலிப்பு. "மாத்திரை சந்திர சக்தியைத் தடுக்குது, நிறுத்து" என்று போன பௌர்ணமியிலேயே உத்தரவாகியிருந்தது. நிறுத்தினார். வலிப்பு அதிகமானது. "தோஷம் வெளியேறுது" என்றார் சித்தர். நோய் குறைந்தாலும் அவருக்குப் புகழ், கூடினாலும் அவருக்கே புகழ்.

அவர்கள் தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர் பரீதா. மாத்திரை வாங்க ஆள் வராததைக் கண்டு விசாரித்தவர், இன்று கூடவே கிளம்பிவிட்டார்.

"ஐயா, ஒரு சந்தேகம். பொடுகு ஷாம்பூவுலயும் செலீனியம் இருக்கு. என் கடையிலயே விக்கறேன். அப்ப ஜனங்க தலைக்கு நிலாவையா தேய்ச்சுக்கறாங்க?"

"அது வேற. இது தெய்வீகம்."

"சரி, இதுக்குத் தோஷம் பாருங்க." பிரசாதச் சட்டியின் மூடியை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். முள் விழுந்தது.

"மூடிக்குமா சந்திர தோஷம்?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர், நிஜமான கவலையோடு.

பரீதா மூடியை எடுத்துவிட்டு, மேலே எரிந்த டியூப்லைட்டை அணைத்தார். முள் படுத்துவிட்டது.

"நம்பிக்கை இல்லாதவங்க கை பட்டா சக்தி போயிடும்" என்றார் சித்தர்.

பரீதா விளக்கைப் போட்டார். முள் எழுந்தது. "போவலியே, வந்துடுச்சே. இது போட்டோ எடுக்கறவங்க வெளிச்சம் அளக்கற பழைய மீட்டரு. செலீனியத்து மேல வெளிச்சம் பட்டா கரண்ட் உண்டாவும், முள் ஏறும். மறைச்சா விழும். அவ்ளோதான்."

ஜானகிராமன் சித்தரின் மணிக்கட்டைப் பிடித்து, கையைக் கண்ணாடி மேல் அழுத்தினார். முள் விழுந்தது.

"எம்பொண்ணு நாக்கைக் கடிச்சுக்கிட்டு ரத்தத்துல கெடந்தா. தோஷம் வெளியேறுதுன்னியேடா" என்றார். அவர் கையை விட்டுவிட்டு மகளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

சித்தருக்குத் திடீரென்று உள்ளே பூஜை இருந்தது. பின்வாசல் வழியாகப் பூஜைக்குப் போனவர் திரும்பவில்லை.

"அழுவாதண்ணே. நேரா டாக்டரம்மாகிட்ட போவலாம். மாத்திரையை எப்படித் திரும்ப ஆரம்பிக்கறதுன்னு அவங்க சொல்லுவாங்க" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டார் பரீதா.

வரிசை கலையவில்லை. "வேற நல்ல சித்தர் யாராச்சும் இருக்காரா?" என்று ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சம் பட்டதும் உயிரில்லாத செலீனியமே வேலை செய்கிறது. மூளை உள்ள நமக்கோ, ஒரு பிள்ளையின் வாயில் ரத்தம் வந்தும் போதவில்லை.